ஆறு நொடி

பதினொரு கோப்புகள்.
நான்கு ஜிகாபைட் நிரம்பியதும்
கேமரா தானே வெட்டித் தள்ளியவை.
ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒரு வெட்டு,
இனூட்டெக்கின் தும்மலுக்கு நடுவில் ஒன்று.
நூக்கில் ஜனவரி. பத்தரைக்குத்தான் விடிகிறது,
விடிந்ததை நான் கவனிப்பதற்குள் இருட்டிவிடுகிறது.

முதலில் அவசரம்.
சறுக்குவண்டிக்கு நாய்களைப் பூட்டுவதுபோல்
வரிசையாகப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன்.

முதல் கோப்பில் பிபாலுக் பேசினால்
பிபாலுக்தான் பேசுகிறாள்.
நான்காவதில் உதடு முடித்த பிறகும்
கொஞ்சம் சொல் மிச்சமிருக்கிறது.
ஏழாவதில் நாய் வாயை மூடி,
உட்கார்ந்து, காதைச் சொறியத் தொடங்குகிறது.
அப்புறம் வருகிறது குரைப்பு,
கப்பலில் வரும் என் பார்சல்களைப்போல.

காரணம் அற்பம்.
ஒவ்வொரு கோப்பிலும் படம் தீர்ந்த பின்னும்
ஒலி நாற்பது மில்லிநொடி நீண்டு கிடக்கிறது.
கண் சிமிட்டக்கூட அதைவிட நேரம் வேண்டும்.
ஆனால் ஒட்டுக்கு ஒட்டு அது வட்டிபோல ஏறுகிறது.
போதாக்குறைக்கு ஆறாவது கோப்பு கைப்பேசியில் எடுத்தது:
நொடிக்கு முப்பது படம் என்று சொல்லிக்கொள்கிறது,
குளிரில் விறைத்து இருபத்தாறுதான் எடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்தேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே நடை: நொடிக்கு இருபத்தைந்து.
ஒலியின் வாலை நறுக்கி, பிறகு ஒட்டினேன்.
கைதட்டி அடையாளம் வைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.
நல்லவேளை, ஒருவன் ஃபிளாஸ்க் மூடியைப் பாறையில் போட்டிருந்தான்.
மூடி தொட்ட படமும் அலைக்கோட்டின் முள்ளும்
ஒரே கோட்டில் வந்து நின்றபோது
எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன்.

பதினொன்றாவதில் பனிச்சுவர்.
ஒரு தேவாலயம் அளவுக்கு உடைந்து
கடலுக்குள் இறங்குகிறது.
சத்தமே இல்லை.
நீர் எழும்புகிறது. சத்தமே இல்லை.
ஆறு நொடி கழித்து இடி.

அகப்பட்டாயா, என்றேன்.
ஒலியைப் பிடித்து ஆறு நொடி முன்னால் இழுத்தேன்.
பனியும் இடியும் சேர்ந்து விழுந்தன, மேசை அதிர்ந்தது.
பனி அசைவதற்கு முன்பே பிபாலுக் 'ஆ' என்றாள்.
என்ன கூர்மை இவளுக்கு, என்று வியந்தேன்,
விரிசலை முன்பே பார்த்துவிட்டாள் என்று.

மறுநாள் காலணிப் பனியை உதறிவிட்டு வந்து
கோட்டைக் கழற்றாமலே பார்த்தாள்.
பத்து ஒட்டுகளையும் தாண்டினாள், ஒன்றையும் கவனிக்கவில்லை.
ஒட்டுகிறவனுக்கு அதைவிடப் பாராட்டு கிடையாது.
பதினொன்றில் நிறுத்தினாள்.

"இங்கே ஒரு குரல் இருந்தது."
காற்றிரைச்சல் என்று நான் மங்கவைத்த இடம்.
ஏற்றினேன்.
இனூட்டெக், மூக்கடைத்த குரலில்:
அட்டாசெக், மர்லுக், பிங்காசுட்,
சிசாமட், தல்லிமட்,
ஆறைச் சொல்ல வாய் திறந்தபோது
இடி அதை வாங்கிக்கொண்டது.

"எண்ணிக்கொண்டிருந்தான்," என்றாள்.
"இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தானே நின்றோம்.
நீ எங்களைச் சுவரடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய்.
அங்கே நின்றிருந்தால்
இந்தக் கேமரா திரும்பி வந்திருக்காது."

எஸ்பியர்கிலிருந்து வந்து நான்கு வருடம்.
மீன் விலை கேட்க எண்கள் தெரியும்.
ஒருவன் உயிரோடு நிற்கிற தூரத்தை
அதே எண்களால் அளந்துகொண்டிருந்தது
என் காதில் இரைச்சலாக விழுந்திருக்கிறது.

திருப்பி வைத்தேன். ஒரு படம் பிசகாமல்.
வெறும் ஆறு நொடி, நீர் மட்டும் எழும்ப,
ஒருவன் எண்ண.

தலைமை அலுவலகத்திலிருந்து நேற்று தொலைபேசி:
கடைசிப் பகுதியில் ஒலி பின்தங்குகிறதாம்,
சரிசெய்து அனுப்ப வேண்டுமாம்.
சரி, என்றேன்.
கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன்:
இறுதி_4_தொடாதீர்கள்.